முதலிலிருந்து சொல்ல வேண்டாம்

திருப்பதியில் குடியிருப்பவர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. வருஷக்கணக்கில் பேச்சுவார்த்தையே இல்லாதவர்கள் திடீரென்று போன் செய்வார்கள். சௌக்கியம் விசாரிப்பார்கள். பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று கேட்பார்கள். பதில் முடிவதற்குள், அடுத்த வெள்ளிக்கிழமைக்கு முந்நூறு ரூபாய் தரிசன டிக்கெட் நாலு கிடைக்குமா என்று வந்து நிற்பார்கள். கேட்பதில் தப்பில்லை. மலையடிவாரத்தில் இருப்பவர்களைக் கேட்காமல் வேறு யாரைக் கேட்பது? ஆனாலும் அந்தக் குசல விசாரிப்புக்கும், எந்தக் காரியமும் இல்லாமல் விளக்கு வைக்கிற நேரத்தில் வருகிற ஒரு போனுக்கும் வெகுதூரம். இந்த இரண்டாவது போனைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன்.

என் சிநேகிதி திருப்பதியில் இருக்கிறாள், நான் சித்தூரில். பூதலப்பட்டு, சந்திரகிரி வழியாகப் போனால் சுமார் 70 கிலோமீட்டர். கல்லூரியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். அவள் வீட்டில் தெலுங்கு, எங்கள் வீட்டில் தமிழ். அவள் என்னிடம் பேசுவது சித்தூர்த் தமிழ். தெலுங்குப் பழக்கத்தில் வாக்கியத்தின் வால் சற்று இழுபடும். எங்கள் பேச்சில் உலக விவகாரம் எதுவும் கிடையாது. அவள் மாமியாரின் கண்புரை, என் தம்பி பெண்ணின் கணக்குப் பாடம், அடிப்பிடித்த பால், குரங்கு சமையற்கட்டுக்குள் நுழைந்து கோதுமை மாவு டப்பாவைத் தூக்கிக்கொண்டு போனது, இப்படித்தான் போகும். போன கோடையில் நடந்த பேச்சு ஒன்றை அப்படியே தருகிறேன்.

“ஏண்டி, அந்த ஆளு வந்தானா?”

“வந்தான். பார்த்தான். காயில் போயிருக்குன்னான். தூக்கிட்டுப் போயிட்டான்.”

“போன தடவையும் அவன்தானே?”

“அவனேதான்.”

“அப்போ இனி குடம்தான்.”

“குடம்தான்.”

இவ்வளவுதான் பேச்சு. வேறு யார் கேட்டாலும் இதில் ஒன்றும் பிடிபடாது. எந்த ஆள், எந்தக் காயில், குடத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று ஒவ்வொன்றாக விளக்க வேண்டும். அவளுக்கு விளக்க வேண்டியதில்லை. எங்கள் வீட்டு ஆழ்துளைக் கிணற்றின் மோட்டார் முந்திய கோடையிலும் கருகியது அவளுக்குத் தெரியும். எடுத்துப்போன மெக்கானிக் அதைத் திருப்பித் தர எத்தனை நாள் இழுத்தடித்தான் என்பதும் தெரியும். அந்த நாட்களில் தெருக்குழாயில் பிடித்துப் பிடித்து என் இடுப்புப் பிடித்துக்கொண்டதற்கு எந்தத் தைலம் தேய்த்தேன் என்பதுவரை தெரியும். ‘போன தடவையும்’ என்று அவள் கேட்டபோது ஒரு வருஷத்துக் கதை அந்தக் கேள்விக்குள்ளேயே இருந்தது. நான் எதையும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கவில்லை.

சிநேகிதம் எதில் நிற்கிறது என்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன். முதலிலிருந்து சொல்ல வேண்டாதவர்கள் சிநேகிதர்கள். மற்றவர்கள் எவ்வளவு நல்லவர்களாக இருந்தாலும் தெரிந்தவர்கள்தான்.

நம் இலக்கியம் நட்பை எப்போதும் உயரத்தில் வைத்தே பேசியிருக்கிறது. கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும் ஒருவரையொருவர் பார்க்காமலே நண்பர்களானவர்கள். அரசன் வடக்கிருந்தபோது புலவர் வந்து சேர்ந்து கூடவே உயிர் விட்டார். வள்ளுவரும் கூடிப் பழகுவது அவசியமில்லை, உணர்ச்சி ஒத்திருந்தால் போதும் என்கிற பொருள்பட ஒரு குறள் செய்திருக்கிறார். பள்ளியில் படித்த நாளிலிருந்து இந்தக் கதையை நான் வணங்கி வந்திருக்கிறேன். ஆனால் அந்த நட்பில் வீட்டுச் சேதி எதுவும் இல்லை. பிசிராந்தையார் வீட்டில் அந்த வருஷம் கூரை ஒழுகியதா, சோழனுக்குத் தெரியாது. சாவில் கூட நிற்கிற நட்பு மகத்தானது. எனக்குத் தெரிந்த சிநேகிதங்களைக் காப்பாற்றி வந்ததோ கூரை ஒழுகிய சேதிதான். இதற்கு நம்மிடம் இலக்கணம் இல்லை. நாலு சனம் சேர்ந்தால் ‘வெட்டிப் பேச்சு’ என்று ஒதுக்கிவிடுகிறோம். அதிலும் பேசுகிறவர்கள் பெண்களாக இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

மானிடவியலாளர் மாலினோவ்ஸ்கி 1923-இல் வெளியிட்ட கட்டுரை ஒன்றில் இத்தகைய பேச்சைக் கவனித்து எழுதினார். டிரோப்ரியாண்ட் தீவுகளில் பல காலம் மக்களோடு இருந்தவர் அவர். நலம் விசாரிப்பது, வானிலை பற்றிப் பேசுவது போன்றவற்றில் சொல்லின் பொருள் முக்கியமில்லை, பேசுவதால் ஏற்படும் ஒட்டுறவே முக்கியம் என்பது அவர் கருத்து. பின்னால் வந்த ஆய்வாளர் ராபின் டன்பார், மனிதர்களின் சாதாரண உரையாடலில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மனிதர்களைப் பற்றிய பேச்சுதான் என்று கண்டார். குரங்குகள் ஒன்றுக்கொன்று பேன் பார்த்து உறவை வளர்ப்பதுபோல மனிதர்கள் பேசி வளர்க்கிறார்கள் என்றார். இருவரும் இந்தப் பேச்சை மதித்தவர்கள். ஆனாலும் மாலினோவ்ஸ்கியோடு எனக்கு ஒரு பிணக்கு. வணக்கத்துக்கும் வானிலைக்கும் அவர் சொல்வது பொருந்தும். மோட்டார் கருகியதற்குப் பொருந்தாது. அங்கே சொல்லின் பொருள்தான் எல்லாமே. மோட்டாரா மிக்ஸியா என்பது அவளுக்கு முக்கியம், ஏனென்றால் மறுவாரம் அவள் கேட்கப்போவது அதைத்தான். கேட்பதற்காக ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். அடுத்தவர் வீட்டு மோட்டாரை ஞாபகம் வைத்துக்கொள்வது சின்னக் காரியமில்லை. தலைக்குள் ஆயிரம் இருக்கும்போது அதற்கும் ஓர் இடம் ஒதுக்கிவைத்திருக்கிறாள் என்பதே அன்பு.

சித்தூர்ப் பக்கத்தில் இந்தச் சேதிகளுக்கு இன்னொரு பரிமாணமும் உண்டு. 1911-க்கு முன்பு வட ஆற்காடு மாவட்டத்தின் தலைநகரம் சித்தூர்தான். அந்த வருஷம் ஏப்ரலில் சித்தூர் தனி மாவட்டமானது. 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் பிறந்தபோது மாவட்டம் அங்கே போனது. வேங்கடத்தை விடமாட்டோம் என்று ம.பொ.சி. நடத்திய வடக்கெல்லைப் போராட்டமும், படாஸ்கர் குழுவின் ஏற்பாட்டில் 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி தமிழ்நாட்டுக்கு வந்ததும் வாசகர்கள் அறிந்தவை. கடைசியாக 2022 ஏப்ரல் 4 அன்று திருப்பதி தனி மாவட்டமாகியது. நூற்றுப் பதினோரு வருஷம் சித்தூர் மாவட்டத்தில் சேர்ந்திருந்த இரண்டு ஊர்களில் இருக்கும் நானும் அவளும் இப்போது வேறு வேறு மாவட்டம். அஞ்சல் குறியீட்டு எண்ணில் மட்டும் இன்னும் ஒன்றாக இருக்கிறோம்: சித்தூர் 517001, திருப்பதி 517501.

இந்தத் தேதிகள் எல்லாம் வீட்டுக்குள் எப்படி வந்து சேர்கின்றன என்பதை வரலாற்றுப் புத்தகம் சொல்லாது. பிள்ளையின் படிப்புச் சேதியாக வந்து சேரும். சித்தூருக்கு வேலூர் பக்கம், ரயிலேறினால் காட்பாடி. தமிழ் படிக்கட்டும் என்று பிள்ளையை வேலூரில் சொந்தக்காரர் வீட்டில் விட்டுப் படிக்கவைத்த குடும்பங்கள் உண்டு. அந்தப் பிள்ளை பிளஸ் டூ முடித்துவிட்டுத் திருப்பதியில் பொறியியல் சேரப் போகும்போதுதான் ‘லோக்கல், நான்-லோக்கல்’ என்ற சுவர் தெரியும். ஆந்திரத்தில் 1974-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி கல்லூரி இடங்களில் 85 விழுக்காடு அந்தந்தப் பகுதி மாணவர்களுக்கு. எங்கள் பகுதிக்குப் பெயர் ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகப் பகுதி. 1954-இல் திருப்பதியில் தொடங்கிய பல்கலைக்கழகத்தின் பெயரால் அமைந்தது. தகுதித் தேர்வுக்கு முந்திய நாலு வருஷமும் தொடர்ந்து இந்தப் பகுதியில் படித்தால் லோக்கல். சித்தூரில் பிறந்து, சித்தூரில் ரேஷன் கார்டு வைத்திருந்து, படித்தது மட்டும் வேலூர் என்றால் அந்தக் கணக்கில் தேறுவது கடினம்.

இதை எனக்குச் சொன்னது அரசாணை எதுவும் இல்லை, அவள்தான். தம்பி பெண்ணை ஒன்பதாம் வகுப்புக்கு வேலூருக்கு அனுப்பலாமா என்று வீட்டில் பேச்சு ஓடிய நாளில், வேறு ஏதோ சொல்ல வந்தவள் நடுவில் நிறுத்திவிட்டு, “அக்கம்பக்கத்துல ஒரு பையன் இப்படித்தான் மாட்டிக்கிட்டான், இன்டர் வரைக்கும் இங்கேயே படிக்கட்டும்டி” என்றாள். பெண் இங்கேயே படித்தாள். பயனை எதிர்பார்த்து நாங்கள் பேசுவதில்லை. பேச்சு தினமும் ஓடிக்கொண்டிருந்ததால் அது தானாக வந்து கையில் விழுந்தது. வருஷத்துக்கு ஒருமுறை பொங்கல் வாழ்த்து மட்டும் சொல்லிக்கொள்கிறவர்களாக இருந்திருந்தால், தம்பி பெண் ஒன்பதாவது போகிறாள் என்பதே அவளுக்குத் தெரிந்திருக்காது.

போனுக்கு முன் கடிதம். இந்தியாவில் கால் அணாத் தபால் கார்டு 1879-இல் வந்தது. இன்லேண்ட் லெட்டர் 1950-இல். வீட்டுச் சேதிக்கு என்றே அளவெடுத்துச் செய்ததுபோல இருக்கும் இன்லேண்ட். கார்டில் எழுதினால் தபால்காரர் முதற்கொண்டு தெருவே படித்துவிடும். உறை என்றால் காசு கூட. நீலத்தாளில் எழுத ஆரம்பிக்கும்போது இடம் தாராளமாகத் தெரியும். நடுப்பக்கம் முடியும்போதுதான் முக்கியமான சேதி ஞாபகம் வரும். பிறகு ஓரத்தில் செங்குத்தாக, ஒட்டுகிற மடிப்பின் உள்பக்கத்தில், அனுப்புநர் முகவரிக்கு மேலே என்று எழுத்து பொடியாகிக்கொண்டே போகும். எங்கள் அம்மாவுக்குத் திருத்தணியிலிருந்து அவளுடைய பள்ளிச் சிநேகிதி எழுதிய கடிதங்களில் மடிப்பில்தான் விஷயம் இருக்கும். நடுவில் எல்லாம் சுகம், எல்லாரையும் கேட்டதாகச் சொல்லவும் என்று இருக்கும். மடிப்பைப் பிரித்தால், மாட்டுக்குக் கோமாரி, பெரியவனுக்கு இங்கிலீஷில் பெயில், அவருக்குத் தெரியாமல் சீட்டு கட்டுகிறேன் என்று வரிசையாக வரும். ஒட்டின இடத்தை அம்மா கிழிபடாமல் பிரிப்பாள். கிழிந்தால் சீட்டுச் சேதி போய்விடும்.

எழுத்தாளர்களில் இப்படி எழுதிக்கொண்டவர்கள் என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும்தான். கோவில்பட்டிக்குப் பக்கத்தில் இடைசெவல் இருவருக்கும் சொந்த ஊர், ஒத்த வயது, இருவர் வீட்டிலும் தெலுங்கு. கடிதம் எழுதியது தமிழில். அழகிரிசாமி சென்னைக்குப் போனார், மலேயாவுக்குப் போனார், திரும்பி வந்தார். கி.ரா. ஊரோடு இருந்தார். அழகிரிசாமி 1970-இல் தம் நாற்பத்தாறாவது வயதில் காலமானார். அவர் எழுதிய கடிதங்களைக் கி.ரா. பத்திரமாக வைத்திருந்தார், பின்னால் அவை நூலாக வந்தன. இலக்கியமும் சங்கீதமும் அதில் உண்டு என்பதற்காகப் பலர் அதைப் படிக்கிறார்கள். என்னை இழுப்பது அவற்றுக்கு நடுவே வந்துபோகும் உடம்பும் வீடும் கைச்செலவும்தான். ஊரில் இருக்கிற சிநேகிதனுக்கு எழுதும்போது அழகிரிசாமி எதையும் முதலிலிருந்து சொல்வதில்லை. படிக்கிற நாம்தான் நடுவில் புகுந்தவர்கள், நமக்குச் சில இடங்கள் பிடிபடாது. அப்படிப் பிடிபடாமல் இருப்பதே அந்தச் சிநேகிதத்துக்குச் சாட்சி. தெலுங்கு வீட்டில் பிறந்து தமிழில் சேதி சொல்லிக்கொண்ட அந்த இருவரைப் படிக்கும்போது, எங்கள் பக்கத்து வீடுகளை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

2021 நவம்பரில் திருப்பதியில் பெய்த மழையை அங்கே இருந்தவர்கள் மறக்க மாட்டார்கள். தெருக்களில் ஆறு ஓடியது. மலைப்பாதைகளை மூடினார்கள். ராயலசெருவு ஏரிக்கரை கசிகிறது என்று கீழே இருந்த கிராமத்துக்காரர்களை வெளியேற்றினார்கள். இங்கே சித்தூரில் நீவா ஆறு பெருகித் தாழ்வான பகுதிகளுக்குள் வந்தது. மழை ஓய்ந்த பிறகு திருப்பதி ஸ்ரீகிருஷ்ணா நகரில் ஒரு வீட்டில் அதிசயம் ஒன்று நடந்தது. சிமென்ட் உறைகளை அடுக்கி மண்ணுக்குள் இறக்கியிருந்த தண்ணீர்த் தொட்டியை அந்த வீட்டு அம்மாள் உள்ளே இறங்கிக் கழுவிக்கொண்டிருந்தபோது, தொட்டி தரையைப் பிளந்துகொண்டு மேலே எழும்பியது. அவர் தப்பி வெளியே வந்துவிட்டார். தொட்டி ஆளுயரத்துக்கு மேல் நின்றது. பார்க்கக் கூட்டம் கூடியது. பல்கலைக்கழகத்திலிருந்து நிலவியல் பேராசிரியர்கள் வந்து ஆராய்ந்தார்கள். வெள்ளத்தில் மண் முழுக்க ஊறிக்கிடக்கும்போது, காலியான தொட்டியைச் சுற்றியுள்ள நீர் கீழிருந்து உந்தும். உள்ளே தண்ணீர் இருந்தால் அந்த எடை அதை அமுக்கி வைத்திருக்கும். இறைத்து விட்டால் படகுபோல் மிதக்கப் பார்க்கும்.

பத்திரிகைகள் எல்லாம் போட்டன, தொலைக்காட்சி காட்டியது. அன்று சாயங்காலம் அவளிடமிருந்து போன் வந்தது.

“பார்த்தியா டிவியில?”

“பார்த்தேன்.”

“அது இருக்கட்டும். எங்க வீட்டு சம்ப் முழுக்கச் சேறு. கழுவலாமா வேண்டாமா?”

“வேண்டாம்டி. மண்ணு காயட்டும்.”

“குடிக்கறதுக்கு?”

“கேன் வாங்கு. போன வருஷம் கேன் போட்டானே அவனைக் கேளு.”

அதிசயம் ஊர் முழுவதற்கும் பொதுவானது. அவள் வீட்டுத் தொட்டியின் சேறு எங்கள் இருவருக்கும் மட்டுமானது. மண் காய்ந்து, தொட்டியைக் கழுவி, பிளீச்சிங் பவுடர் போட்டு, மறுபடி தண்ணீர் விட்டவரைக்கும் ஒவ்வொரு கட்டமும் எனக்குத் தெரியும். சேறு பற்றி இவ்வளவு தெரிந்துவைத்திருப்பதில் எனக்கு ஒரு சந்தோஷம் இருக்கிறது, மறைக்க வேண்டியதில்லை.

இதற்கு மறுபக்கமும் பார்த்திருக்கிறேன். எங்கள் பெஞ்சில் மூன்றாவதாக ஒருத்தி இருந்தாள். கல்யாணமாகி வெளிநாடு போனாள். கொஞ்ச நாள் கடிதம் வந்தது. பிறகு இடைவெளி விழுந்தது. பகை எதுவும் கிடையாது, மனஸ்தாபம்கூட இல்லை. ஒரு வருஷம் விட்டுப்போனதும் என்ன எழுதுவது என்றே இரு பக்கமும் தெரியவில்லை. மோட்டார் கருகியது என்று எழுதலாமா? எந்த மோட்டார் என்று அவளுக்குத் தெரியாது. பழைய வீட்டை விற்றதையும் புது வீட்டில் போர் போட்டதையும் முதலில் சொல்ல வேண்டும். சின்னச் சேதியைச் சொல்ல முடியாமல் போனால் பெரிய சேதி மட்டும்தான் மிஞ்சும்: அப்பா காலமானார், பெண்ணுக்கு நிச்சயமாகிவிட்டது, வேலையிலிருந்து ஓய்வு. கல்யாணப் பத்திரிகையிலும் கருமாதிப் பத்திரிகையிலும் வரக்கூடிய சேதிகள். அவள் ஊருக்கு வந்தபோது மூவரும் உட்கார்ந்து பேசினோம். அன்பு அப்படியே இருந்தது. ஆனால் அரை மணி நேரத்தில் பேச்சு கல்லூரி நாட்களுக்குத் திரும்பிவிட்டது. எங்கள் மூவருக்கும் முதலிலிருந்து சொல்ல வேண்டாத காலம் அது ஒன்றுதான்.

வாட்ஸ்அப்பில் எல்லாரும் தினமும் பேசிக்கொள்கிறார்களே என்று கேட்கலாம். காலை வணக்கம் சொல்லும் பூப்படங்களையும், நூறு பேருக்குப் பொதுவாக வைக்கிற ஸ்டேட்டஸையும் நான் இதில் சேர்க்க மாட்டேன். பொதுவாக வைத்ததை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ளப் பொறுப்பில்லை. ஆனால் குரல் பதிவு நல்ல ஏற்பாடு. அவள் அடுப்படியில் நின்றுகொண்டு அனுப்புவாள். பேச்சுக்கு நடுவே குக்கர் கத்தும், “இரு, விசில் எண்ணிட்டு வரேன்” என்பாள், பதிவு பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும். அந்த மௌனத்தில் கரண்டிச் சத்தமும், மாமியார் தெலுங்கில் ஏதோ கேட்பதும், தூரத்தில் பஸ் ஹாரனும் விழும். இன்லேண்டின் மடிப்பில் எழுதியதுபோலவே, முக்கியமான சேதி பதிவின் கடைசிப் பத்து நொடியில் அவசரமாக வரும். என்னுடைய குறை ஒன்றுதான்: போன் மாற்றினால் எல்லாம் போய்விடுகிறது.

கடிதங்கள் அப்படிப் போகவில்லை. அம்மா இறந்தபின் பரணிலிருந்து இறக்கிய தகரப் பெட்டியில் திருத்தணிக் கடிதங்கள் சணலால் கட்டியபடி இருந்தன. எல்லை மாறிய வருஷங்களில் எழுதியவை சில. திருத்தணி எந்த மாநிலத்தில் சேரும் என்று தலைவர்கள் வாதாடிய நாட்களில், அந்த அம்மாள் பெரியவனை அடுத்த வருஷம் தெலுங்குப் பள்ளியில் போடுவதா தமிழ்ப் பள்ளியில் போடுவதா என்று அம்மாவை யோசனை கேட்டிருக்கிறார். அடுத்த வரியே ஊறுகாய் பூசணம் பிடித்தது பற்றி. வடக்கெல்லை பற்றி நான் படித்த எந்த நூலிலும் இந்த இரண்டு வரியும் அடுத்தடுத்து வந்ததில்லை.

சித்தூர், திருப்பதி, புத்தூர், நகரி, திருத்தணிப் பக்கத்து வீடுகளில் இப்படிப் பெட்டிகள் இன்னும் இருக்கும். பழைய பேப்பர்க்காரர் கிலோவுக்கு என்ன கொடுப்பாரோ தெரியாது, எதுவானாலும் அது குறைந்த விலைதான். எடைக்குப் போடாதீர்கள். கட்டைப் பிரித்து, மடிப்பையும் விடாமல் படித்துப் பாருங்கள். எழுதியவர்களில் யாராவது இன்னும் இருந்தால், தரிசன டிக்கெட் கேட்காமல் ஒரு போன் போட்டு, அந்த ஊறுகாய் அப்புறம் என்ன ஆனது என்று விசாரியுங்கள்.